நீந்தியவளே நடுவராகட்டும்

விளையாட்டு வீராங்கனை ஒருத்தியின் வாழ்வை நாம் பதக்கங்களை எண்ணியே அளக்கிறோம். போட்டியிலிருந்து அவள் விலகியதும் மறந்துவிடுகிறோம். இது அவளுக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும் நட்டம் என்பதே என் கருத்து.

பிலிப்பைன்ஸ் நாட்டின் ஹெய்டி கொலோசோ எஸ்பினோவை எடுத்துக்கொள்வோம். இலொய்லோ மாகாணத்தைச் சேர்ந்த இவர், 1954இல் மணிலாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் தங்கம் வென்றார். அப்போது அவர் பதின்ம வயதுப் பெண். தொடர்ந்து 1958இல் டோக்கியோ, 1962இல் ஜகார்த்தா என மூன்று விழாக்களிலும் அவர் பெற்ற பதக்கங்கள் 10. மார்பு நீச்சலிலிருந்து வண்ணத்துப்பூச்சி நீச்சல் பிரிந்து தனிப் போட்டியாகியது, அவர் தங்கம் வெல்வதற்குச் சற்று முன்னர்தான். புதிய விதிகளைத் தம் உடலாலேயே கற்ற தலைமுறை அவருடையது.

இத்தகைய அறிவு எங்கே பயன்பட வேண்டும்? பயிற்றுவிப்பாளர் பணி உடனே நினைவுக்கு வரும். நடுவர் பணியை அநேகர் நினைப்பதில்லை.

நீச்சல் நடுவரின் வேலை விசில் ஊதுவது மட்டுமன்று. வண்ணத்துப்பூச்சி நீச்சலில் இரு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட்டனவா, கால்கள் சேர்ந்தே அசைந்தனவா, 15 மீற்றருக்குள் தலை நீருக்கு மேலே வந்ததா என்பவற்றையெல்லாம் நடுவர் குழு கவனிக்க வேண்டும். ஒரு கை முந்தினாலும் நீந்தியவர் தகுதி இழப்பார்.

தீர்ப்பு பிசகினால் என்ன நேரும் என்பதற்கு 1960 ரோம் ஒலிம்பிக் சாட்சி. ஆண்களுக்கான 100 மீற்றர் சாதாரண நீச்சலில், அமெரிக்கரான லான்ஸ் லார்சனுக்கு மூன்று கடிகாரங்களும் 55.0, 55.1, 55.1 செக்கன்கள் என்று காட்டின. அவுஸ்திரேலியரான ஜோன் டெவிட்டுக்கு மூன்றுமே 55.2 என்று காட்டின. ஆனால் முதலிடத்தைப் பார்த்த நடுவர்கள் மூவரில் இருவர் டெவிட் என்றார்கள். இரண்டாமிடத்தைப் பார்த்த மூவரில் இருவரும் டெவிட் என்றே சொன்னார்கள்! முடிவில் தலைமை நடுவர் டெவிட்டுக்கே தங்கத்தை வழங்கினார். லார்சனின் நேரமும் 55.2 எனத் திருத்தப்பட்டது.

இப்போது மின்னணுத் தொடுபலகைகள் வந்துவிட்டனவே, நடுவர் எதற்கு என்று கேட்கலாம். பலகை நேரத்தைச் சொல்லும். தொட்டது ஒரு கையா, இரு கைகளா என்பதை மனிதக் கண்தான் சொல்ல வேண்டும். ஆயிரம் தடவை அப்படித் தொட்டுப் பழகியவரின் கண் அதை எளிதில் பிடித்துவிடும். இருந்தாலும் அனுபவம் மட்டும் போதாது. விதிகளைப் படிக்க வேண்டும், பரீட்சைக்குத் தோற்ற வேண்டும், தன் அணிக்கும் பிறர் அணிக்கும் ஒரே அளவுகோல் வைக்க வேண்டும்.

பெற்றோரே, மகள் விளையாட்டில் செலவிட்ட ஆண்டுகள் வீண் என்று எண்ணாதீர்கள். மாணவியரே, ஓட்டமோ நீச்சலோ வலைப்பந்தாட்டமோ, நீங்கள் விளையாடும் விளையாட்டின் விதிநூலை இப்போதே கேட்டு வாங்கிப் படியுங்கள். நாளை ஒரு சிறுமியின் உழைப்புக்கு நியாயம் சொல்லும் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.