கடல் படிப்பும் கவுச்சி வாடையும்

சென்ற மாதம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் நமது கூட்டம் முடிந்ததும், படகுக்காரத் தோழர் ஒருவர் எழுந்து, “அய்யா, என் மகள் காலேஜில் கடல் ஜீவராசிகளைப் பற்றிப் படிக்கவேண்டும் என்கிறாள். மீன் பிடிக்கிறவன் மகளுக்கு மீனைப்பற்றிச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் எதற்கு? நர்சு படிப்போ டீச்சர் படிப்போ படித்தாலாவது இந்த வாடையை விட்டுத் தொலையலாமே” என்று கேட்டார். அவர் வாய் மூடுவதற்குள், பக்கத்து டவுனிலிருந்து வந்திருந்த ஒரு கனவான், “பெண் பிள்ளைக்கு மீன் அறுக்கிற படிப்பா?” என்று சொல்லிச் சிரித்தார். இருவருக்கும் அங்கேயே பதில் சொன்னோம் என்றாலும், இதே கேள்வி கரையோரமெங்கும் இருக்கின்றபடியால் இங்கு சற்று விரிவாக எழுதுகின்றோம்.

படகுக்காரத் தோழர் மீது நமக்குக் கோபமில்லை. வாடையை விட்டுத் தொலையவேண்டும் என்கின்ற எண்ணம் அவருக்குத் தானாக வந்ததா? மீனைத் தின்கிறவன் விரலைச் சப்பிக்கொண்டு தின்கிறான்; பிடித்துக் கொடுத்தவன் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான். 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை வாடை அடிக்கிறது என்று சொல்லி அரசாங்க பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பிறகு ஊரே கூச்சல் போட்டதால் சம்பந்தப்பட்ட சிப்பந்திகளை சஸ்பெண்டு செய்தார்கள். பஸ்ஸுக்கு என்ன மூக்கா இருக்கிறது? மனிதன் மூளையில் ஏற்றிவைத்த வாடையல்லவா அது! கடவுளே மீனாக அவதாரம் எடுத்தார் என்று புராணம் படிக்கிற நாட்டில்தான் மீன் கூடைக்கு இந்த மரியாதை. போதாயனர் பெயரால் வழங்கும் தர்ம சூத்திரமோ, கடற் பிரயாணம் செய்வதையே ஒருவனைப் பதிதனாக்கும் பாவங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. கடலில் போகிறவனே பாவி என்றால், தினமும் கடலில் கிடக்கிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

நிற்க, இந்தப் படிப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம். வலம்புரிச் சங்கு வீட்டிலிருந்தால் லட்சுமி வருவாள் என்று சொல்லி, ஒரு சங்கை ஆயிரக்கணக்கிலும் அதற்கு மேலும் விலை வைத்து விற்கிறார்கள். கடல் ஜீவ சாஸ்திரம் படிக்கிற மாணவன் அதைக் கையில் எடுத்ததும் என்ன சொல்லுவான்? சங்கு என்பது மணலில் ஊர்ந்து புழுக்களைத் தின்னும் ஒரு நத்தையின் ஓடு. கூர்முனையை மேலே வைத்துப் பார்த்தால் சாதாரணச் சங்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். மிக அபூர்வமாக ஒன்றிரண்டு பிறவியிலேயே சுருள் திரும்பி, வாய் இடப்பக்கமாக அமைந்துவிடும். அதைத்தான் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வலம்புரி என்கிறார்கள், அவ்வளவுதான் என்பான். இடது கையால் எழுதுகிற பையனை அடித்துத் திருத்துகிற நாம், சுருள் மாறிப் பிறந்த நத்தையைப் பட்டுத் துணியில் வைத்துப் பூஜை செய்கிறோம்! இதிலும் பெரிய வேடிக்கை என்னவென்றால், பூஜைக்கென்று விற்கப்படும் சங்குகளில் பல, அமெரிக்கக் கடலில் இயற்கையாகவே இடப்பக்கம் வாய் வைத்து வளரும் வேறொரு நத்தையின் ஓடுகளாகும். லட்சுமிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, வாங்குகிறவனுக்கும் தெரியவில்லை. உயிரைப் பணயம் வைத்து முத்துக்குளித் துறையில் மூழ்கிச் சங்கெடுத்தவனுக்கோ கூலிதான் மிச்சம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் அண்ணாமலை சர்வகலாசாலையார் 1961ல் ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார்கள். மாணவர்கள் அங்கே சேற்றில் இறங்கி நண்டு வளையை எண்ணுகிறார்கள். மெல்லிய துணி வலையை நீரில் இழுத்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள். மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லை அறுத்து, மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல் அதன் வளையத்தை எண்ணி மீனின் வயதைச் சொல்கிறார்கள். இதில் எது இழிவு? எது புரியாத வித்தை? நீரின் நிறத்தைப் பார்த்தே கூட்டம் எந்த மீன் என்று சொல்கிற நமது கடற்கரைப் பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பட்டணத்துப் பிள்ளைதான் முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்தப் படிப்பின் குணம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி வந்து போனபின், பரங்கிப்பேட்டை ஆசிரியர் இருவர் பதினெட்டுக் குப்பங்களை ஆராய்ந்து, பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடு இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று 2005ல் எழுதினார்கள். 2006ல் வேறு சிலர் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, காடு மட்டும் காரணமல்ல. ஊர் எவ்வளவு மேட்டில் இருக்கிறது, கடலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம் என்று மறுத்தார்கள். யாரும் யாரையும் நாஸ்திகன் என்று சொல்லவில்லை. ஜாதியை விட்டுத் தள்ளவில்லை. கணக்கைக் காட்டு என்றுதான் கேட்டார்கள். நமது சாஸ்திரிகளிடம் ஒரு சுலோகத்தை இப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்க முடியுமா?

இனி முக்கிய விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது என்பது சட்டம். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் இது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மன்னார் வளைகுடாவில் இருபத்தொரு தீவுகளையும் சுற்றுக்கடலையும் 1986ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பரம்பரையாக அந்தத் தீவோரங்களில் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்த பெண்கள் குற்றவாளிகளைப்போல் ஒளிந்து போக நேர்ந்தது. 2001ல் கடல் அட்டையைப் புலி, யானை இருக்கும் அட்டவணையிலேயே சேர்த்தார்கள். அட்டை மூழ்கிப் பிழைத்தவன் ஒரே நாளில் ‘வேட்டைக்காரன்’ ஆனான். அக்கரையில் இலங்கையிலோ, அதே அட்டையை லைசென்சு வாங்கிக்கொண்டு எடுக்கலாம்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. குஞ்சையும் தாயையும் சேர்த்து வாரினால் நாளைக்குக் கடலில் உப்புத்தான் இருக்கும். நாம் கேட்பதெல்லாம், இவற்றை எழுதிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யார் என்பதே. அங்கு உட்கார எம்.எஸ்ஸி. வேண்டும், டாக்டர் பட்டம் வேண்டும். கடலையே பார்த்திராத வீட்டில் பிறந்தவனும் பட்டம் இருந்தால் உட்காரலாம். கடலிலேயே பிறந்தவன் பட்டம் இல்லாததால் வெளியே மனுவோடு நிற்கிறான். ஆண்டவன் பெயரால் எழுதின சட்டத்தை நாம் கிழிக்கலாம்; கணக்கின் பெயரால் எழுதின சட்டத்தைக் கணக்கு தெரிந்தவன்தான் தட்டிக் கேட்க முடியும். படகுக்காரத் தோழரின் மகளுக்கு வாத்தியார் எதற்கு என்றால் இதற்குத்தான்.

“படித்துவிட்டால் மாத்திரம் ஜாதி போய்விடுமா?” என்று சிலர் கேட்கலாம். போகாது. அமெரிக்காவில் எர்னஸ்ட் ஜஸ்ட் என்ற நீக்ரோ அறிஞர் 1883ல் பிறந்து, உட்ஸ் ஹோல் கடற்கரை ஆராய்ச்சி சாலையில் 1909 முதல் கோடைதோறும் சென்று, கடற்புழுவும் கடல் முள்ளெலியும் எவ்வாறு கருத்தரிக்கின்றன என்பதை உலகத்துக்கே விளக்கினார். 1916ல் சிகாகோவில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆனாலும் வெள்ளைக்காரரின் பெரிய சர்வகலாசாலை எதுவும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. 1929ல் இத்தாலிக்குப் போய் நேப்பிள்ஸ் கடல் நிலையத்தில்தான் தலைநிமிர்ந்து வேலை செய்தார். நீரில் முட்டை உடைவதைப் பார்க்கிற கண்ணுக்கே நிறம் பார்க்கிற நோய் போகவில்லை என்றால், நம் ஊர் வாத்தியார்களை மட்டும் நம்பிவிடலாமா? ஆகவேதான் ஒரு பிள்ளை போதாது, ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் போகவேண்டும் என்கின்றோம்.

பெண் என்பதற்காகச் சிரித்த கனவானுக்கும் ஒரு வார்த்தை. அவர் வீட்டுச் சமையற்கட்டில் மீன் அறுக்கிறது யார்? அங்கே கத்தி பிடிக்கலாம், ஆராய்ச்சி சாலையில் பிடிக்கக்கூடாதா? கரையில் கூடை சுமக்கலாம். பெண் ஏறினால் மட்டும் படகுக்குத் தீட்டு! இந்த மூடத்தனம் நமது மீனவத் தோழர்களிடமும் சில ஊர்களில் இருக்கிறது. அதைப் புரோகிதர் தலையில் மட்டும் கட்டிவிட நமக்கு மனமில்லை.

படித்தவுடன் பெரிய உத்தியோகம் காத்துக்கொண்டிருக்கிறது என்று பொய் சொல்லமாட்டோம். இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை கிடைக்கலாம், ஆராய்ச்சி நிலையங்களில் கிடைக்கலாம், சில வருஷம் அலையவும் நேரலாம். டாக்டர், என்ஜினீயர் என்று கடன் வாங்கிப் படித்தவர்களும்தான் அலைகிறார்கள்.

பத்தாவது வகுப்பு முடிந்ததும் உயிர்நூல் பாடத்தை எடுக்காத பிள்ளைக்கு இந்தக் கதவு பெரும்பாலும் அப்பொழுதே சாத்தப்பட்டுவிடுகிறது. குப்பத்துப் பெற்றோர்களில் பலருக்கு இதை யாரும் சொல்வதே இல்லை. ஆதலால், கரையோரக் கிளைக் கழகத் தோழர்கள் வருகிற மீன்பிடி தடைக்காலத்தில், படகுகள் கரையில் நிற்கும்போது, ஊருக்கு ஒரு மாலை ஒதுக்கிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டி வைத்து, எந்தப் பாடம் எடுப்பது, எங்கே விண்ணப்பம் போடுவது, உபகாரச் சம்பளம் எப்படிக் கேட்பது என்பவற்றைச் சொல்லி, அங்கேயே விண்ணப்பத்தை எழுதியும் கொடுக்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்கின்றோம். படகுக்காரத் தோழர் தம் வீட்டுத் திண்ணையை இதற்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.