லீவு நாளில் கஞ்சா, ஆபீஸில் வேலை காலி: அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் போதைப்பொருள் பரிசோதனை சட்டங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். சிறுவயதில் நடந்த கார் விபத்தில் கை, கால் செயலிழந்த ஒருவர், டிவி நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலை பார்த்து வந்தார். தசை இறுக்கத்துக்காக, அந்த மாநில சட்டப்படி அனுமதி வாங்கி, வேலை நேரம் முடிந்த பிறகு வீட்டில் மருத்துவ கஞ்சா எடுத்துக்கொண்டார். 2010-ல் அவருக்குத் திடீர் பரிசோதனை நடந்தது. ரிசல்ட் பாசிட்டிவ். வேலை போனது.

கோர்ட்டுக்குப் போனார். 2015-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா குற்றம்தான், அதனால் அதை 'சட்டபூர்வமான செயல்' என்று சொல்ல முடியாது என்பதுதான் நீதிமன்றம் சொன்ன காரணம்.

இரண்டே வருடத்தில், 2017-ல், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வழக்கு. குடல் அழற்சி நோய்க்காக மருத்துவ கஞ்சா எடுத்த பெண் ஒருவர், வேலையில் சேர்ந்த கையோடு நீக்கப்பட்டார். ஆனால் அங்கே உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடு என்ற அடிப்படையில் அவர் வழக்கு நடத்தலாம் என்று சொல்லிவிட்டது.

ஒரே நாடு, ஒரே மாதிரி பிரச்சனை. தீர்ப்பு மட்டும் ஏன் வேற வேற?

நாடு முழுக்க ஒரே சட்டம் இல்லையா?

இல்லை. 1986-ல் அதிபர் ரீகன், மத்திய அரசு ஊழியர்கள் போதைப்பொருள் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். 1988-ல் 'போதைப்பொருள் இல்லாத பணியிடம்' சட்டம் வந்தது. ஆனால் பலர் நினைப்பது போல, அந்தச் சட்டம் யாரையும் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை. மத்திய அரசிடம் கான்ட்ராக்ட், மானியம் வாங்கும் நிறுவனங்கள் போதைப்பொருளுக்கு எதிரான விதிமுறை வைத்திருக்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது.

பரிசோதனை கட்டாயம் என்பது சில வேலைகளுக்குத்தான். 1991-ல் வந்த சட்டப்படி லாரி டிரைவர், விமானி, ரயில் ஊழியர் போன்றவர்களுக்கு முன்னறிவிப்பு இல்லாமலேயே டெஸ்ட் எடுக்கலாம். இவர்கள் விஷயத்தில் எந்த மாநிலமும் விலக்கு கொடுக்க முடியாது.

தனியார் நிறுவனம் என்றால்?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம், காரணமில்லாமல் சோதனை போடுவதைத் தடுக்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசை மட்டும்தான். தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது. போதாததற்கு, பெரும்பாலான மாநிலங்களில் காரணம் சொல்லாமலேயே ஊழியரை நீக்கலாம். அப்போ ஊழியருக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு, மாநில சட்டம்தான்.

எந்த மாநிலத்தில் என்ன விதி?

▪ வெர்மான்ட்: திடீர் டெஸ்டுக்குத் தடை. மத்திய சட்டம் கேட்கும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு. முதல்முறை பாசிட்டிவ் வந்த ஊழியர் சிகிச்சைக்குச் சம்மதித்தால் அவரை நீக்க முடியாது.

▪ மின்னசோட்டா: இங்கேயும் முதல்முறை சிக்கிய ஊழியருக்கு கவுன்சிலிங் அல்லது சிகிச்சைக்கு வாய்ப்பு தராமல் வேலையை விட்டு அனுப்ப முடியாது.

▪ நெவாடா: வேலைக்குச் சேரும்போது எடுக்கும் டெஸ்டில் கஞ்சா பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக வேலை மறுக்கக் கூடாது. 2020 முதல் அமல். தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர் போன்றவர்களுக்கு இது பொருந்தாது.

▪ கலிஃபோர்னியா: வேலை நேரத்துக்கு வெளியே, வேலை இடத்துக்கு வெளியே கஞ்சா எடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது. 2024 ஜனவரி 1 முதல் அமல். கட்டுமானத் தொழிலாளர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

▪ ஃப்ளோரிடா: நேர் எதிர் வழி. அரசு சொல்லும் முறைப்படி பரிசோதனைத் திட்டம் நடத்தும் நிறுவனங்களுக்கு, தொழிலாளர் காப்பீட்டு பிரீமியத்தில் 5% தள்ளுபடி. அதாவது டெஸ்ட் எடுத்தால் நிறுவனத்துக்குப் பணம் மிச்சம்.

கஞ்சாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சண்டை?

இங்கேதான் அறிவியல் வருகிறது. குடித்துவிட்டு வந்தவரை ஊதச் சொன்னால், அந்த நிமிடம் அவர் போதையில் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். சிறுநீர் டெஸ்ட் அப்படியில்லை. கஞ்சாவை உடல் உடைத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பொருளைத்தான் அது தேடுகிறது. அந்தக் கழிவுக்குப் போதை தரும் சக்தி கிடையாது. ஆனால் கொழுப்பில் தங்கி, அடிக்கடி பயன்படுத்துபவர் உடலில் வாரக்கணக்கில் இருக்கும். போதையோ சில மணி நேரத்தில் இறங்கிவிடும்.

ஆக, சனிக்கிழமை இரவு வீட்டில் புகைத்தவரும், புதன்கிழமை போதையோடு மெஷின் முன் நிற்பவரும் அந்த டெஸ்டில் ஒன்றுதான். கலிஃபோர்னியா சட்டம் குறிவைத்தது இதைத்தான். போதை தராத கழிவை மட்டும் காட்டும் டெஸ்டை வைத்து நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது.

நிறுவனங்கள் தரப்பில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. கிரேன் ஓட்டுபவர் போதையில் இருந்தால் ஆபத்து அவருக்கு மட்டுமில்லை, கீழே நிற்பவருக்கும்தான். 'இப்போது போதையில் இருக்கிறாரா' என்று உறுதியாகச் சொல்ல, மது சோதனைக் கருவி மாதிரி எல்லோரும் ஏற்றுக்கொண்ட கருவி கஞ்சாவுக்கு இன்னும் இல்லை. விபத்து நடந்தால் நஷ்டஈடு கேட்டு வழக்கு வருவது நிறுவனத்தின் மேல்தான். அதனால்தான் ஊழியருக்குச் சாதகமான மாநிலங்களிலும், வேலை இடத்தில் போதையில் இருப்பவர் மேல் நடவடிக்கை எடுக்கத் தடையில்லை.

இன்னொரு பக்கம், ஆள் பற்றாக்குறையும் நிறுவனங்களை யோசிக்க வைத்தது. 2021-ல் அமேசான், மத்திய போக்குவரத்து விதிகளுக்குள் வராத வேலைகளுக்குக் கஞ்சா டெஸ்டை நிறுத்துவதாக அறிவித்தது.

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெரியவர்கள் கஞ்சா வாங்குவது சட்டப்படி சரி. ஆனால் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாம் மத்திய அரசின் கையில். மாநிலம் அனுமதித்தது என்ற வாதம் குடியேற்ற அதிகாரியிடம் எடுபடாது. கஞ்சா எடுத்ததாக ஒப்புக்கொள்வதே குடியுரிமை இல்லாதவருக்குச் சிக்கலாகலாம்.

ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், அடுத்த வேலை தேடவோ வேறு வழி பார்க்கவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அமெரிக்கக் குடிமகனுக்கு ஒரு பாசிட்டிவ் ரிசல்ட் வேலையைப் பறிக்கும். விசாவில் இருப்பவருக்கு அது, குடும்பத்தோடு நாட்டை விட்டே கிளம்ப வேண்டிய நிலைமையாக மாறலாம்.

டெஸ்ட் எடுக்கச் சொன்னால், டாக்டர் சீட்டில் எழுதிய மருந்துகளின் விவரத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. மத்திய போக்குவரத்து விதிகளின்படி, முதல் கட்ட பாசிட்டிவ் மட்டும் போதாது; இரண்டாவது உறுதிப்படுத்தும் டெஸ்ட், பிறகு மருத்துவர் ஒருவரின் ஆய்வு என்று படிகள் உண்டு. ரிசல்ட்டில் சந்தேகம் இருந்தால், தனியாக எடுத்துவைத்த இரண்டாவது மாதிரியைச் சோதிக்கச் சொல்ல 72 மணி நேரம் கிடைக்கும். மற்ற வேலைகளில் இந்த உரிமை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது, மறுபடியும் அந்தந்த மாநிலத்தின் சட்டம்தான்.