புகைபோக்கியை யார் துடைப்பது?

புகையில்லா அடுப்பு தோற்றதற்குப் பெண்களின் அலட்சியம்தான் காரணமாம். அபத்தம்! 1983 முதல் 2002 வரை மத்திய அரசு மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கொடுத்தது. எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு. குழாயில் படியும் கரியைத் துடைக்க ஆளுமில்லை, பணமுமில்லை. ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோ குழுவினர் ஆராய்ந்தபோதும் இதே கதைதான்: முதல் வருடம் குறைந்த புகை, பராமரிப்பின்றிப் பழையபடி ஆனது.

தண்டலத்தில் தகரக்கூரை வாடகை அறையில் விறகு எரிப்பவர் என்ன செய்வார்? கூரையில் ஓட்டை போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். இல்லையேல் குழாய் சுவர் வழியே நீண்டு இறவாரத்தடியிலேயே முடியும். காற்றடித்தால் புகை அறைக்குள்தான் (கூடவே கார்பன் மோனாக்சைடும்). குழாய் கூரைக்கு மேல் மூன்றடியாவது நிமிர வேண்டும், மரச்சட்டத்தைத் தொடக்கூடாது. வாடகை வாங்குகிறவர் முதலில் அதைப் போட்டுத் தரட்டும். அலட்சியத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.