கல்லு இல்லன்னா எல்லாம் நார்மலா?

மக்களே, பெங்களூர் வந்து எத்தனை வருஷமானாலும் நம்ம வீடுகள்ல ஒரு வழக்கம் மாறல. இடுப்பு வலியா? கல்லுதான், வாழைத்தண்டு ஜூஸ் குடி. சிறுநீர்ல ரத்தமா? உடம்புச் சூடு, இளநீர் குடி. ஸ்கேன்ல கல்லு இல்லையா? "எல்லாம் நார்மல்", ஃபைலை மூடு!

வவுச்சரைப் பார்க்காம கையெழுத்துப் போடுற ஆடிட்டுக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்?

இடது சிறுநீரகத்துலேர்ந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போற சிரை, ரெண்டு தமனிகளுக்கு நடுவுல நுழைஞ்சுதான் போகுது. அந்த இடுக்கு குறுகினா, பாக்குவெட்டியில மாட்டின பாக்கு கதிதான். 1972ல பெல்ஜியம் டாக்டர் டி ஷெப்பர் இதுக்கு வெச்ச பேரே 'நட்கிராக்கர்'. இடது பக்க வலி, சிறுநீர்ல ரத்தம், புரோட்டீன், ஆம்பளைங்களுக்கு இடது விதைப்பையில நரம்புப் புடைப்பு... இதெல்லாம் அறிகுறி. ஒல்லியான பசங்க, பொண்ணுங்ககிட்ட அதிகம்.

சாதா ஸ்கேன்ல இது தப்பிச்சுடும். ரத்த ஓட்டத்தைப் பார்க்க டாப்ளர் வேணும், தேவைப்பட்டா சி.டி.

அதுக்காக, படத்துல இடுக்கு தெரிஞ்சதுமே ஸ்டென்ட் வைக்க ஓடாதீங்க. தொந்தரவே இல்லாதவங்களுக்கும் இப்படி இருக்கும். வளர்ற பிள்ளைங்களுக்கு எடை ஏறினா தானா சரியாகறதும் உண்டு.

கல்லு, தொற்று, கட்டி எதுவும் இல்லைன்னு ஆன பிறகும் ரத்தம் வந்தா, வெக்கப்படாம கேளுங்க: "டாக்டர், இடது சிரையைப் பார்த்தீங்களா?" செலவுக்குப் பயமா? விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்துலயே அரசாங்க நெஃப்ரோ-யூராலஜி இன்ஸ்டிட்யூட் இருக்கு.

இளநீர் நல்லதுதான். ஆனா அது டாப்ளர் எடுக்காதுங்க!