இரவல் போகாத புத்தகம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பையன்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து அறை எடுக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனி மாறும், அறை மாறும், சிலருக்கு ஊரே மாறும். அந்த அறைகளில் அலமாரி இருக்காது. ஆனாலும் ஜன்னல் திட்டில் அட்டை கிழிந்த நாவல் ஒன்று கிடக்கும். முன்பு தங்கியிருந்த அண்ணன் விட்டுவிட்டுப் போனது என்பார்கள்.

இந்தக் கைமாற்றுக்குச் சட்டமே துணை நிற்கிறது. ஒருமுறை விற்ற பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். அதை நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். பதிப்பாளர் குறுக்கே வர முடியாது.

காசு கொடுத்து எடுத்த மின்னூலில் இந்த உரிமை காணாமல் போகிறது. பெரும்பாலான கடைகளில் நமக்குக் கிடைப்பது படிப்பதற்கான அனுமதி மட்டும். 2009இல் அமேசான், ஆர்வெலின் ‘1984’ நாவலின் ஒரு பதிப்பை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கிண்டில் கருவியிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் வந்த புத்தகத்தைக் கடைக்காரர் எடுத்துப்போக முடியும் என்பது அன்று ஊருக்கே தெரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இரவல் வசதியும் வந்தது. பதிப்பாளர் சம்மதித்த நூலை மட்டும், ஒரே ஒருமுறை, 14 நாள் கொடுக்கலாம். பிற்பாடு அதையும் எடுத்துவிட்டார்கள். நண்பர் கேட்டால் கருவியையே கொடுக்கலாம்தான். அது ஒரு புத்தகம் கேட்டவருக்குப் பீரோவையே தூக்கிக் கொடுப்பது மாதிரி.

எனக்கு மின்னூல் மீது பகை இல்லை. நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுகிறவருக்குக் கிளை நூலகம் திறந்திருக்கும் நேரம் பல நாள் வாய்க்காது. அவர் கையில் போன் இருக்கிறது. சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், பொன்னேரி தாண்டிக் கூட்டம் நெரிக்கும்போதும், ஒற்றைக் கையால் பிடித்துப் படிக்க அதுதான் தோது. பூட்டில்லாத மின்னூல் என்றால் அச்சுப் புத்தகத்தைவிட வேகமாகக் கைமாறும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அப்படித்தான் உலகெங்கும் கொண்டுபோனது. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது. யாரும் யாருக்கும் அனுப்பலாம்.

கும்மிடிப்பூண்டியில் இதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு பிரதியே இல்லாத ஏடுகளும் அவற்றில் இருந்தன. 2005இல் பிறந்த நூலகம் என்ற இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. முகாமில் பிறந்து ஊரையே பார்க்காத ஒரு பெண்ணால், தாத்தா காலத்து யாழ்ப்பாண இதழைப் போனில் புரட்ட முடிகிறது. அச்சுப் பிரதி அவளிடம் வந்து சேர வழியே இல்லை.

எழுத்தாளரின் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. சில நூறு பிரதிகள் விற்பதே பாடாக இருக்கும் மொழியில், ஒரு கோப்பு ஆயிரம் வாட்ஸப் குழுக்களுக்குப் போனால் அவருக்கு என்ன மிஞ்சும்? தன்னிடமுள்ள ஒரு பிரதிக்கு ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று மின்வடிவில் இரவல் கொடுத்துப் பார்த்தது அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ். பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023இலும், மேல்முறையீட்டில் 2024இலும் தீர்ப்பு அவர்கள் பக்கமே போனது. நல்லெண்ணம் மட்டும் போதாது, காசு கொடுத்து உரிமை வாங்க வேண்டும் என்பதுதான் நான் அதில் கண்டது.

அந்தக் காசுக்கு நம்மிடம் வழி இருக்கிறது. 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நூலகத் துறை பதிப்பாளர்களிடம் அச்சுப் பிரதி வாங்கும்போதே, அதே நூலை உறுப்பினர்களுக்கு ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்று மின்வடிவில் இரவல் கொடுக்கும் உரிமையையும் தனி விலை கொடுத்து வாங்கலாம். எழுத்தாளருக்குப் பங்கு போகும். கும்மிடிப்பூண்டியில் உறுப்பினரானவர் ஶ்ரீபெரும்புதூருக்கு வேலை மாறினாலும் பாதியில் விட்ட நாவலை அங்கே தொடரலாம். நூல் வாங்குவதற்கான அடுத்த நூலக ஆணையிலேயே இதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.