டீத்தூள் எந்தத் தொழிற்சாலையுடையது என்று கேளுங்கள்

சென்னை நங்கநல்லூரில் காபிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. பீபரியா பிளான்டேஷனா, சிக்கரி எவ்வளவு என்று கேட்டு, கண்ணெதிரே அரைத்து வாங்கிப் போகும் வாடிக்கையாளர்கள் இங்கே ஏராளம். காபி, சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. அதே தெருக்களில் உள்ள உணவகங்களும் கேட்டரிங் சமையற்கூடங்களும் டீத்தூள் வாங்கும்போது இந்தக் கேள்விகள் எழுவதில்லை. கிலோ என்ன விலை, எத்தனை நாள் கடன் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உணவகங்களுக்குத் தேயிலை சப்ளை செய்வோர் இப்போது ஆலோசனையும் தருகிறார்கள். எந்த ரகம், எந்தக் கலவை, எந்த இயந்திரம் என்று வழிகாட்டுகிறார்கள். இது தேவையான சேவை. ஆனால் தூள் விற்பனைக்கு இலவச இணைப்பாக அது வரும்வரை, பயன் பெரும்பாலும் விற்பவருக்கே போகும். ஆலோசனைக்குத் தனியே விலை கொடுத்து வாங்கும் பழக்கமும், தூளின் பிறப்பிடத்தைப் பில்லில் எழுதும் பழக்கமும் சென்னை உணவகங்களுக்கு வர வேண்டும்.

நல்ல தூள் வாங்கினால் நல்ல டீ தானாக வந்துவிடாது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் டீயின் நிறம் மங்கி, மேலே படலம் கட்டும். காலையில் இறக்கிய டிகாக்‌ஷனை அடுப்பிலேயே வைத்திருந்தால் துவர்ப்பு ஏறும். மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் திறந்து வைத்த தூள் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும். இவற்றைச் சரிசெய்ய அதிக விலைத் தூள் தேவையில்லை. விஷயம் தெரிந்தவர் கடைக்கு வந்து, தண்ணீரைச் சோதித்து, டீ மாஸ்டரோடு நின்று சொல்லித்தந்தால் போதும். தூள் விற்றுப் பிழைப்பவர் இதையெல்லாம் சொல்லமாட்டார் என்றில்லை. ஆனால் தண்ணீரை மாற்றினாலே போதும் என்று சொல்லித் தன் விற்பனையைக் குறைத்துக்கொள்ள அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்து, அதில் போடும் பிரீமிக்ஸைத் தன்னிடமே வாங்கச் சொல்லும் ஒப்பந்தங்களிலும் இதே சிக்கல்தான். உணவகக்காரருக்குச் செலவு குறைந்ததுபோல் தோன்றும். ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கைமாறிப் போயிருக்கும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பது முதல் ஆட்சேபம். கணக்கைப் பார்ப்போம். ஒரு டீக்கு 3 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், கிலோ 300 ரூபாய்த் தூளில் ஒரு டீக்கு ஆகும் செலவு 90 பைசா. கிலோ 400 ரூபாய்த் தூளுக்கு மாறினால் 1 ரூபாய் 20 பைசா. பால், சர்க்கரை, எரிவாயு, வாடகை, கூலி என்ற செலவுகளுக்கு நடுவே இந்த 30 பைசா மிகச் சிறியது. பத்துப் பைசா மிச்சம் பிடிக்கத் தரத்தை இறக்கும் கடை, திரும்பி வர வேண்டிய வாடிக்கையாளரை இழக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் நிறத்தைப் பற்றியது. மக்கள் கேட்பது கடுமையான, நிறமான டீ. நீலகிரித் தூளில் மணம் உண்டு, நிறம் போதாது என்பார்கள். இதில் உண்மை உண்டு. டிசம்பர், ஜனவரிப் பனிக்காலத்து நீலகிரித் தேயிலையின் மணமும் மழைக்காலத் தேயிலையின் குணமும் ஒன்றல்ல. அதனால்தான் கலவை தெரிந்த ஆள் வேண்டும் என்கிறேன். நிறத்துக்கு அசாம் சிடிசி, மணத்துக்கு நீலகிரி என்று கலப்பதில் தவறு கிடையாது. எது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரிந்தால் போதும். நிறத்தை மட்டும், அதுவும் மலிவாகக் கேட்கும் சந்தையில்தான் சாயமேற்றிய தூள் நுழைகிறது. தேயிலையில் செயற்கை நிறம் சேர்ப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். வடிதாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்தால் சாயக் கறை காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கடையும் செய்துகொள்ளக்கூடிய சோதனை இது.

சிறிய கடைக்காரர் ஆலோசகரை எங்கே தேடுவார் என்பது மூன்றாவது, நியாயமான கேள்வி. விடை குன்னூரில் இருக்கிறது. நீலகிரியின் சிறு விவசாயிகளை உறுப்பினர்களாகக் கொண்ட 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையம் இன்கோசர்வ். ஏறத்தாழ 30,000 விவசாயிகள் அதில் இருக்கிறார்கள். அதன் ஊட்டி டீ ரேஷன் கடைகள் வழியே பல வீடுகளை எட்டியிருக்கிறது. தாயகம் திரும்பிய இலங்கைத் தமிழர்களின் மறுவாழ்வுக்காக உருவான தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயும் அரசின் கையில்தான் உள்ளது. இந்த இரண்டும் சென்னையில் ஒரு சுவைக்கூடம் அமைத்து, தண்ணீர்ப் பரிசோதனை, கலவை, மாஸ்டர்களுக்குப் பயிற்சி ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் தரலாம். ஹோட்டல் உரிமையாளர் சங்கங்கள் பங்கேற்றால் ஒரு கடைக்கு ஆகும் செலவு மிகக் குறையும். அரசு அமைப்பும் தன் சரக்கைத்தானே தூக்கிப் பேசும் என்று கேட்கலாம். அந்த ஐயம் சரியே. பெயர் மறைத்து, எண் மட்டும் இட்ட கோப்பைகளில் தனியார் தூளையும் வைத்துச் சுவைக்கவிட்டால் அந்த ஐயம் தீரும். 2 கிராம் தூள், 100 மில்லி கொதிநீர், 6 நிமிடம் என்று ஒப்பிட்டுச் சுவைப்பதற்கான உலகத் தர நெறி 1980 முதல் இருக்கிறது.

இதில் விவசாயியின் பங்கும் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை வேண்டும். அதற்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு 2023இல் கோத்தகிரி பகுதியில் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். தொழிற்சாலையின் பெயர் வழியிலேயே அழிந்துபோகும் சந்தையில், நல்ல கொழுந்தாகப் பறித்துக் கொடுப்பவருக்குக் கூடுதல் விலை போய்ச் சேர வழியில்லை. வாங்குபவர் பெயர் கேட்டால்தான் தரத்துக்கு விலை கிடைக்கும்.

ஆகவே உணவகம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை டீத்தூள் வாங்கும்போது தொழிற்சாலை, ரகம், பொட்டலமிட்ட நாள் ஆகிய மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆலோசனை தருபவருக்கு அதற்குரிய கட்டணத்தைக் கொடுத்துவிட்டு, தூளை எங்கே வாங்குவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.