கூளையனைக் கடந்துபோனோம்

2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' சர்ச்சையில் எழுத்தாளர் பெருமாள்முருகனின் பெயர் நாடெங்கும் அடிபட்டபோது நாம் அந்த நாவலைப் பற்றிப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் 2000இலேயே அவர் எழுதிவிட்ட 'கூளமாதாரி' நாவலை அந்த நாட்களில்கூட எடுத்துப் புரட்டியவர்கள் நம்மில் குறைவு. வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனதும் பெருமைப்பட்டுக்கொண்டோம். அத்தோடு சரி.

படித்தவர்கள் என்ன செய்தோம்? கொங்கு வழக்கை மெச்சினோம். பனைகளையும் மேட்டாங்காட்டு வெயிலையும் கொண்டாடினோம். நம் சின்ன வயது ஞாபகத்துக்கு வந்ததென்று உருகினோம். அது நம் சின்ன வயது இல்லை. அந்த நாவலில் வரும் கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி எல்லோரும் சக்கிலிக் குடிப் பிள்ளைகள், கவுண்டர் வீட்டுப் பண்ணையத்தில் விடப்பட்டவர்கள். அவர்கள் படும் பாட்டுக்கான கூலி அவர்கள் கைக்கு வருவதில்லை. ஆடு மேய்கிற நேரத்துக்குள் ஒளித்துவைத்துத்தான் சிநேகிதம் கொண்டாட முடியும். ஆடு பிறத்தியார் வெள்ளாமையில் வாய்வைத்துவிட்டால் விளையாட்டும் போச்சு, முதுகும் போச்சு. தேங்காய் திருடியதற்காகக் கூளையனைக் கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பக்கங்களைப் படித்தபின்னும் நாம் நடையழகைப் பேசினோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கூளையனோடு மேய்ச்சல் காட்டில் திரிகிற இன்னொரு பையன் செல்வன். பண்ணையக்காரர் மகன். கூளையன் அவனோடு சேர்ந்து விளையாடலாம், சமமாக நிற்க முடியாது. நாவலைப் படிக்கும் நம்மில் பெரும்பாலோர் செல்வன் வீட்டு ஆட்கள். நம் வீடுகளிலும் ஆட்டுக்கார, மாட்டுக்காரப் பையன்கள் இருந்தார்கள். தனிக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் குடித்தார்கள். நாம் பள்ளிக்கூடம் போனோம், அவர்கள் காட்டுக்குப் போனார்கள். பிறகு நாம் எழுதிய ஊர் நினைவுகளில் கிணறு வந்தது, நுங்கு வந்தது, நாய்க்குட்டிகூட வந்தது. அந்தப் பையன்களின் பெயர் வரவில்லை.

கூளையனைப் போன்றவர்களை விடுவிக்க வேண்டிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அடிமைப்படுத்திய கடன் அத்தனையும் செல்லாது என்கிறது அது. அதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்தும் டெல்டா மாவட்டங்களில் ஆட்டுக்கிடையிலிருந்து சிறுவர்களை மீட்டதாகச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. உள்பக்கத்தில் ஒரு பத்தி. அதைப் படித்த நம்மில் எத்தனை பேருக்குக் கூளையன் நினைவுக்கு வந்தான்? மீட்கப்பட்ட பிள்ளை பள்ளியில் சேர்ந்தானா, அவனோடு கிடையில் கிடந்த இன்னொருவன் எங்கே போனான் என்று எந்த வட்டாட்சியர் அலுவலகத்திலாவது போய்க் கேட்டோமா? கேட்கவில்லை.